ஸ்பைருலினா வாங்கிச் சாப்பிடலாமா மேடம்?

இந்தக் கேள்வி இப்பல்லாம் ஓபில வராத நாளே இல்ல. சிலர் கேக்கறதுக்கு முன்னாடியே வாங்கிடறாங்க, பையத் திறந்து பச்சை டப்பாவ எடுத்து டேபிள் மேல வெச்சிட்டு "நல்லதுதானே மேடம்?"னு ஆமா சொல்லிடுங்கங்கற மாதிரியே பாப்பாங்க. யூடியூப்ல பாத்தேன்னு ஒருத்தர், ஜிம் மாஸ்டர் சொன்னாருன்னு ஒருத்தர், நாத்தனார் ஏதோ ஸ்கீம்ல சேந்திருக்காங்க வேண்டாம்னு சொல்ல முடியலன்னு ஒருத்தர். ஓபில ஒவ்வொருத்தர்கிட்டயும் முழுசா உக்காந்து பேச நேரம் கிடைக்கறதில்ல, பின்னாடி கூட்டம் நிக்கும், அதான் இங்க நிதானமா எழுதிடறேன்.

பதில முதல்லயே சொல்லிடறேன். ஸ்பைருலினா சத்துள்ள பொருள்தான், அதுல சந்தேகம் வேண்டாம். ஆனா நீங்க தினம் போடற ரெண்டு மாத்திரைல அந்தச் சத்து உங்க உடம்புக்குப் போதுமான அளவுல வந்து சேராது. அதோட விட்டா கூட பரவால்ல, காசுதான் போச்சுன்னு விட்டுடலாம், இத நம்பி போடவேண்டிய மருந்த நிறுத்தறாங்க பாருங்க, அதுக்காகத்தான் இவ்வளவு பெருசா எழுதறேன்.

ஸ்பைருலினாவ தமிழ்ல சுருள்பாசின்னு சொல்றோம். மைக்ராஸ்கோப்ல பாத்தா ஸ்பிரிங் மாதிரி சுருண்டு இருக்கும். பாசின்னு சொன்னாலும் அது உண்மைல சயனோபாக்டீரியா வகை, அதாவது செடி மாதிரி வெயில வெச்சு உணவு தயாரிச்சுக்கற பாக்டீரியா, கடல்பாசியோட சேத்துக் குழப்பிக்காதீங்க. கடல்பாசின்னு நினைச்சுக்கிட்டு அயோடின் கிடைக்கும், தைராய்டுக்கு நல்லதுன்னு வாங்கறவங்க இருக்காங்க, இதுல சொல்லிக்கற அளவுக்கு அயோடின் கிடையாது. சோடா உப்பு போட்ட காரத் தண்ணில, நல்ல வெயில்ல இது செழிப்பா வளரும், அதனால நம்ம ஊரு இதுக்கு ஏத்த எடம். புதுக்கோட்டைப் பக்கம் பெரிய பண்ணை இருக்கு, ஆரோவில்ல இருக்கு, சின்னச் சின்னதா தொட்டி கட்டி வளக்கறவங்களும் நிறைய பேர் வந்துட்டாங்க.

ஆப்பிரிக்கால சாட் ஏரிக்கரைல கனெம்பு இனப் பெண்கள் இத ரொம்ப காலமா ஏரில இருந்து வடிச்சு எடுத்து, மணல்ல ஊத்திக் காயவெச்சு, வில்லையா வெட்டி வெச்சுக்கறாங்க. அதுக்கு அங்க டிஹேன்னு பேரு. அத உடைச்சு தக்காளி, மிளகாய், மீன் எல்லாம் போட்ட குழம்புல கரைச்சு கம்புக் களியோட சாப்பிடறாங்க, ஒரு வேளைக்கே பத்து கிராம் அளவுக்கு உள்ள போகும். அதாவது அவங்க இத சாப்பாடா சாப்பிடறாங்க. நாம சாப்பிடறது மாத்திரையா. இந்த அளவு வித்தியாசத்தக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க, இனி சொல்லப்போற கணக்கு பூரா இதுலதான் இருக்கு.

டப்பா மேல பெருசா "60 சதவீதம் புரோட்டீன்"னு போட்டிருக்கும். பொய் இல்ல, காஞ்ச ஸ்பைருலினா 100 கிராம்ல 57 கிராம் கிட்ட புரதம் இருக்கு. ஆனா 100 கிராம் யாரு சாப்பிடறா? ஒரு மாத்திரை 500 மில்லிகிராம், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு போட்டா ஒரு நாளைக்கு 1 கிராம். அதுல வர்ற புரதம் அரை கிராம் சொச்சம். ஒரு பொம்பளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமாரா 46 கிராம், ஆம்பளைக்கு 54 கிராம். ஒரு முட்டைல 6 கிராம் இருக்கு. அந்த ஒரு முட்டைக்கு ஈடு கட்டணும்னா ஸ்பைருலினா இருபது மாத்திரைக்கு மேல முழுங்கணும், டப்பா மூணு நாள் தாங்காது. முட்டை சாப்பிடாதவங்களுக்கு மீல்மேக்கர் இருக்கே, அதுலயும் 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல புரதம், மளிகைக் கடைல கிடைக்குது, ஒரு கைப்பிடி போட்டுக் குருமா வெச்சா 15 கிராம் புரதம் வந்துடும். அத யாரும் சூப்பர் ஃபுட்னு சொல்றதில்ல, விலை கம்மிங்கறதாலயோ என்னவோ.

பாலை விட இத்தனை மடங்கு, கீரைய விட இத்தனை மடங்குன்னு போடற விளம்பரத்துலயும் ஒரு வேலை இருக்கு. தண்ணி சுத்தமா எடுத்த பொடியையும் முக்காலே மூணு வீசம் தண்ணியா இருக்கற கீரையையும் எடைக்கு எடை நிறுத்தி ஒப்பிட்டா காஞ்ச மிளகாயையும் பச்ச மிளகாயையும் ஒரே தராசுல வெச்ச மாதிரிதான், ஜெயிக்கறது எதுன்னு முன்னாடியே தெரியும். இத்தனைக்கும் கால்சியத்துல அப்படி எடை போட்டும் ஜெயிக்கல. ஸ்பைருலினா 100 கிராம்ல 120 மில்லிகிராம் கால்சியம், பாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான், கேழ்வரகுல 300க்கு மேல. நாசா சொல்லிருச்சு, ஒரு கிலோ ஸ்பைருலினா ஆயிரம் கிலோ காய்கறிக்குச் சமம்னு ஒண்ணு வாட்ஸப்ல சுத்துது பாருங்க, அதுக்கு ஆதாரமே கிடையாது. விண்வெளிக்கப்பல்ல ரொம்ப நாள் இருக்கவேண்டி வந்தா சின்ன எடத்துலயே எத வளத்துச் சாப்பிடலாம்னு 1980கள்ல நாசா ஆராய்ச்சி பண்ணுச்சு, அதுல இதுவும் ஒண்ணு. காய்கறிக்கடை பக்கத்துத் தெருவுல இருக்கற நமக்கு அந்த நெருக்கடி இல்லையே.

இரும்புச்சத்து கணக்குதான் எனக்கு ரொம்பக் கவலை. ஹீமோகுளோபின் 8, 9னு வர்ற பொண்ணுங்க இரும்பு மாத்திரை போட்டா வயித்தப் பொரட்டுது, மலச்சிக்கல் வருது, அதனால "இயற்கையா" இருக்கட்டும்னு இதுக்கு மாறிடறாங்க. 1 கிராம் ஸ்பைருலினால 0.3 மில்லிகிராம் கூட இரும்பு வராது. ஒரு பொண்ணுக்கு சாதாரணமாவே ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேணும்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லுது. ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பிணிகளுக்கு இலவசமாக் குடுக்கற செவப்பு மாத்திரை ஒண்ணுல 60 மில்லிகிராம் இரும்பு இருக்கு, அந்த அளவு ஸ்பைருலினால வேணும்னா நானூறு மாத்திரைக்கு மேல ஆகும். இரும்பு மாத்திரை ஒத்துக்கலன்னா டாக்டர்ட்ட சொல்லுங்க, இரும்பு வேற வடிவத்துல இருக்கற மாத்திரை இருக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடுக்கற முறை இருக்கு, ரொம்ப முடியலன்னா ஊசியும் இருக்கு. ரத்தம் ஏன் கொறைஞ்சுதுன்னு பாக்கறது அதவிட முக்கியம், மாசாமாசம் அதிகமாப் போகுதா, மூலம் இருக்கா, வயித்துல பூச்சி இருக்கான்னு.

அப்புறம் நரம்புக்கு வேண்டிய பி12. டப்பால "வைட்டமின் பி12 நிறைந்தது, சைவம் சாப்பிடறவங்களுக்கு வரப்பிரசாதம்"னு போட்டிருப்பாங்க. ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தங்க வந்தாங்க, சுத்த சைவம், சர்க்கரைக்காக ரொம்ப வருஷமா மெட்ஃபார்மின் போடறவங்க. பாதம் எரியுது, செருப்பு கழண்டு விழுந்தது கூட தெரியாம ரெண்டு வீடு தள்ளி நடந்து போயிட்டேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. எனக்குச் சிரிப்பு வரல. அவங்களுக்கு ஏற்கெனவே பி12 மாத்திரை எழுதிக் குடுத்திருந்தாங்க, ஆனா ஸ்பைருலினாலயே பி12 இருக்கே எதுக்கு ரெண்டுன்னு அத நிறுத்திட்டு முக்கால் வருஷமா இதையே போட்டுட்டு இருந்திருக்காங்க. டாக்டர் ரத்தத்துல பாக்கச் சொன்னாரு, பி12 அடிமட்டத்துல இருந்துச்சு. மெட்ஃபார்மின் ரொம்ப நாள் போட்டாலே பி12 கொறையும், அதுல சைவம் வேற, அவங்க நிறுத்தவே கூடாத மாத்திரை அது. ஊசி போட ஆரம்பிச்சு எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைஞ்சுது, மரத்துப் போனது மட்டும் முழுசா திரும்பல. நரம்பு விஷயத்துல லேட் ஆச்சுன்னா அப்படித்தான்.

டப்பால போட்டது பொய்யான்னு அவங்க கேட்டாங்க. பொய்னும் சொல்ல முடியாது, அதான் சிக்கலே. ஸ்பைருலினால இருக்கறது பெரும்பாலும் பி12 மாதிரியே தோற்றம் உள்ள போலி பி12. ஜப்பான்ல 1999ல ஸ்பைருலினா மாத்திரைகளப் பிரிச்சுப் பாத்தப்ப 80 சதவீதத்துக்கு மேல அந்தப் போலிதான் இருந்துச்சு. பி12 அளக்கற பழைய முறைல ஒரு பாக்டீரியாவ வளத்து அது எவ்வளவு வளருதுன்னு பாத்துக் கணக்குப் போடுவாங்க, அந்த பாக்டீரியாவுக்கு அசலும் ஒண்ணுதான் போலியும் ஒண்ணுதான், ரெண்டையும் தின்னு வளரும். மனுஷ உடம்புல அந்தப் போலி வேலை செய்யாது. அதனால லேபிள்ல இருக்கற நம்பர் பெருசா இருக்கும், உங்க நரம்புக்கு ஒண்ணும் போய்ச் சேராது. சைவம் சாப்பிடறவங்க பால், தயிர் சேத்துக்கோங்க, அளவு கொறைஞ்சிருந்தா பி12 மாத்திரையோ ஊசியோதான், அதுக்கு மாத்து இது இல்ல.

அப்ப இதால ஒரு பிரயோஜனமும் இல்லையான்னா, இருக்கு. சென்னைல இருக்கற முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையம் தமிழ்நாட்டுல ஆயிரக்கணக்கான சின்னப் பிள்ளைங்களுக்கு தினம் 1 கிராம் ஸ்பைருலினா குடுத்துப் பாத்தாங்க. வைட்டமின் ஏ குறைஞ்சா கண்ணு வெள்ளைல நுரை மாதிரி வர்ற பிட்டாட் புள்ளி நல்லாக் கொறைஞ்சதா அதுல வந்துச்சு. நம்பற மாதிரியான விஷயம்தான், ஏன்னா உடம்புல வைட்டமின் ஏவா மாறற பீட்டா கரோட்டின் இதுல ஏராளம், அந்தப் பிள்ளைங்க சாப்பாட்டுல அது இல்லவே இல்ல, இல்லாதவங்களுக்கு 1 கிராம் கூட வித்தியாசம் காட்டும். ஆனா அந்த ரிசல்ட்ட எடுத்து, மூணு வேளையும் நல்லாச் சாப்பிட்டு சுகர் பிரஷர் கொலஸ்ட்ரால்னு வர்ற நம்ம ஆளுங்களுக்கு விக்கறாங்க. முருங்கக்கீரை, கேரட், பூசணி, பப்பாளி உள்ள போற வீட்டுக்கு இது தேவைப்படல.

கொலஸ்ட்ரால், சர்க்கரை, பிரஷர் கொஞ்சம் கொறையுதுன்னும் ஆய்வுகள் இருக்கு. ஆனா பெரும்பாலும் சின்னச் சின்ன ஆய்வு, கொஞ்சம் பேர வெச்சு சில வாரம் சில மாசம் பண்ணது. குடுத்த அளவும் பலதுல நம்ம மாத்திரை அளவ விடப் பல மடங்கு. துருக்கில தினம் 2 கிராம் குடுத்து மூக்கு அலர்ஜிக்கு, அதான் காலைல எந்திரிச்சதும் வரிசையாத் தும்மறது, அதுக்கு நல்லாயிருந்துச்சுன்னு ஒரு ஆய்வு வந்துச்சு. சுவாரசியமான விஷயங்கதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா இத வெச்சு கொலஸ்ட்ராலுக்குப் போடற ஸ்டாட்டின் மாத்திரைய நிறுத்தறது, சுகர் மாத்திரையப் பாதியாக்கறது எல்லாம் வேண்டவே வேண்டாம். எடை கொறைக்கறதுக்குன்னு வாங்கறவங்களுக்குச் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல, சாப்பாடு மாறாம இது மட்டும் போட்டு எடை கொறைஞ்சவங்கள நான் பாத்ததில்ல.

சிலர் இத எடுக்கவே கூடாது. லூபஸ், முடக்குவாதம், சோரியாசிஸ் மாதிரி நோய் எதிர்ப்பு சக்தியே உடம்பத் தாக்கற வியாதி இருக்கறவங்க, கிட்னி மாத்துனவங்க, இவங்களுக்கெல்லாம் எதிர்ப்பு சக்திய அடக்கி வெக்கத்தான் மருந்தே குடுக்கறோம், அதத் தூண்டிவிடற பொருள உள்ள போட்டா என்ன ஆகும்? தோல் வியாதி கிளம்பிருச்சுன்னு மருத்துவ இதழ்கள்ல கேஸ் பதிவாகியிருக்கு. யூரிக் ஆசிட் ஏறி கால் கட்டைவிரல் வீங்கறவங்களும் ஸ்பூன் கணக்குல பவுடர் சாப்பிடாதீங்க. பிறவிலயே பினைல்கீட்டோன்யூரியா, அதாவது புரதத்துல இருக்கற ஒரு பொருள உடம்பால உடைக்க முடியாத வியாதி, இருக்கற பிள்ளைங்களுக்குக் குடுக்கவே கூடாது. கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க தள்ளிப் போடுங்க, ஒண்ணும் கொறஞ்சு போயிடாது.

இவ்வளவுக்கு அப்புறமும் வாங்கத்தான் போறேன்னா, எங்க வளந்ததுன்னு பாருங்க. இது தண்ணில இருக்கறத இழுத்துக்கற உயிர், தண்ணில ஈயம், ஆர்சனிக் இருந்தா மாத்திரைலயும் இருக்கும். தொட்டில காரத்தன்மை கொறைஞ்சா வேற பாசி உள்ள வந்துடும், சில வகைப் பாசி மைக்ரோசிஸ்டின்னு ஒரு நஞ்ச விடும், அது நேரா ஈரலப் பாதிக்கும். "ப்ளூ கிரீன் ஆல்கே"ன்னு பொதுப்பேர்ல விக்கறதுல இன்னும் கவனமா இருங்க, அமெரிக்கால ஒரேகான்ல கிளாமத் ஏரில தானா வளர்ற வேற ஒரு பாசியும் அதே பேர்ல வருது, அதுல இந்த நஞ்சு வர்றதாலதான் அந்த மாநிலம் 1997ல கிராமுக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு வரம்பு வெச்சுது. லேபிள்ல உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட (எஃப்எஸ்எஸ்ஏஐ) 14 இலக்க லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், ஒரு மாத்திரை எத்தனை மில்லிகிராம் எல்லாம் இருக்கணும். ஈயம், ஆர்சனிக் மாதிரி கன உலோகத்துக்கும் மைக்ரோசிஸ்டினுக்கும் டெஸ்ட் பண்ண ரிப்போர்ட் கேளுங்க, நல்ல கம்பெனி குடுக்கும். "மருந்தாகப் பயன்படுத்த அல்ல"ன்னு சட்டப்படி டப்பாலயே போடணும், பொடி எழுத்துல எங்கயாவது இருக்கும் தேடிப் பாருங்க, அதே டப்பாவ வித்தவரு புற்றுநோயே குணமாகும்னு சொன்னா அந்த வரியக் காட்டுங்க.

ஏற்கெனவே வாங்கி வெச்சிருந்தா, மேல சொன்ன வியாதி எதுவும் இல்லன்னா, தூக்கிப் போட வேண்டாம், சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டு முடிச்சிடுங்க. வெறும் வயித்துல போட்டா சிலருக்குக் குமட்டும். டாக்டர் என்னென்ன மாத்திரை போடறீங்கன்னு கேக்கும்போது இது உணவுதானேன்னு விட்டுடாம இதையும் சொல்லுங்க. ஆரம்பிச்ச ரெண்டு மூணு நாள்ல மலம் கரும்பச்சையாப் போகலாம், அதப் பாத்து பயந்து ராத்திரியில போன் பண்ணவங்க இருக்காங்க, அது பாசியோட நிறம்தான். ஆனா தார் மாதிரி கருப்பா, பிசுபிசுன்னு, கெட்ட நாத்தத்தோட போனா அது பாசி இல்ல, வயித்துக்குள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தமா இருக்கலாம், அன்னிக்கே ஆஸ்பத்திரி போயிடுங்க.