"நாங்கள் தலையிடவில்லை" என்ற வரியை இனி எழுதாதீர்கள்

எத்தியோப்பியாவின் தென்மேற்கில் வாழும் சூரி மக்களின் கம்புச் சண்டையைப் படம் பிடித்துக்கொண்டு இந்த வருடமும் ஓர் இளைஞர் குழு என்னிடம் வந்தது. ஃபுட்டேஜில் ஒருவர் மண்டையில் அடிபட்டு விழுகிறார், காதோரம் ரத்தம் வழிகிறது, அவர் முகத்தருகே மூன்று கேமராக்கள் நிற்கின்றன, மேலே ட்ரோன் சுற்றுகிறது. வாய்ஸ் ஓவரையும் எழுதிக்கொண்டே வந்திருந்தார்கள். முதல் வரி: "நாங்கள் வெறும் பார்வையாளர்கள், அவர்களுடைய பண்பாட்டில் தலையிடவில்லை." ஆவணப்பட எடிட்டிங்கில் இருக்கும் எனக்கு இந்த வரி புதிதல்ல. எத்தியோப்பியா, பொலிவியா, பப்புவா என்று இடம் மாறுகிறது, வரி மட்டும் மாறுவதே இல்லை. இப்படிப்பட்ட சண்டைகளைப் படமெடுக்கக் கிளம்பிக்கொண்டிருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

ஏன் இப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டால் பலரும் ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரைச் சொல்கிறார்கள். அதில் விண்கலக் குழுவுக்கு 'பிரைம் டைரக்டிவ்' என்றொரு தலையாய விதி உண்டு. வேற்றுக்கிரக நாகரிகத்தின் இயல்பான போக்கில் குறுக்கிடக் கூடாது என்பது அது. சரி, நல்ல விதிதான். ஆனால் விண்வெளிப் பயணம் அறியாத மக்களிடம் தாங்கள் யாரென்றே காட்டிக்கொள்ளக் கூடாது என்பதும் அதே விதியில் அடக்கம். நீங்களோ ஜீப்பில் போய் இறங்கி, ஊருக்குப் பணம் கட்டி, சண்டை போடுகிறவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பேசி, வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டு வருகிறீர்கள். அந்த விதியைச் சொல்ல உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

அதே தொடரில் 1967இல் வந்த ஒரு கதை உங்களுக்கு இன்னும் பொருத்தம். வல்கன் கிரகத்துத் திருமணச் சடங்கில், மணப்பெண் தன்னைத் தேர்ந்தெடுத்ததால் கேப்டன் கிர்க் தன் நண்பன் ஸ்பாக்குடன் மோதச் சம்மதிக்கிறார். ஒருவர் சாகும்வரை நடக்கும் சண்டை அது என்பது சம்மதித்த பிறகுதான் தெரிகிறது. கப்பல் மருத்துவர் மெக்காய் ஊசியில் வேறு மருந்தை ஏற்றி, கிர்க்கைச் செத்தவர்போலக் கிடத்தித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. முறை என்னவென்று கேட்காமல் களத்தில் கால் வைத்ததுதான் அங்கே தவறு. நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள், பல குழுக்களில் ஒரு முதலுதவிப் பெட்டிகூட இருப்பதில்லை.

என்னை அதிகம் எரிச்சலூட்டும் நம்பிக்கை இதுதான்: கை வைக்காவிட்டால் தலையிடவில்லை என்று நினைப்பது. கேமரா நிற்கும் இடத்தில் சண்டை வேறு மாதிரி நடக்கும். பார்க்க வெளியூர் ஆள் இருக்கிறான் என்று தெரிந்தால், விட்டுக்கொடுத்து விலக நினைத்தவனும் விலகத் தயங்குவான். சூரிகளின் சண்டையில் எதிராளியைக் கொல்வது வீரம் இல்லை, குற்றம். கொன்றவனின் குடும்பம் ஈடு கொடுத்தாக வேண்டும். சண்டை எல்லை மீறினால் விலக்கிவிடப் பெரியவர்கள் களத்திலேயே இருப்பார்கள். ஊர்கள் சேர்ந்து நாள் குறித்து நடத்தும் சண்டை அது. பணம் கொடுத்தால் சுற்றுலாப் பயணிகளுக்காகத் தனியே நடத்திக் காட்டுவதும் இருக்கிறது, நீங்கள் எடுத்து வருவது பெரும்பாலும் அந்த இரண்டாவது வகை. சூரிகளிடம் நீண்ட காலம் ஆய்வு செய்த மானுடவியலாளர் யான் அபிங்க், கேமராவோடு வருகிறவர்களுக்கும் சூரிகளுக்கும் இடையே இருக்கும் கசப்பைப் பற்றியே தனியாக எழுதியிருக்கிறார். ஆக, உங்கள் பணத்தால் நடந்த சண்டைக்கு நீங்கள் எப்படி வெறும் பார்வையாளர் ஆவீர்கள்? விழுந்தவரின் காயத்துக்கு யார் மருந்து வாங்கிக் கொடுத்தது என்று அந்தக் குழுவிடம் கேட்டேன், ஃபிக்ஸர், அதாவது அங்கே ஏற்பாடுகளைச் செய்து தரும் உள்ளூர் ஆள், பார்த்துக்கொண்டிருப்பார் என்றார்கள்.

இது உங்களோடு தொடங்கிய சிக்கலும் இல்லை. 1961இல் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகம் அனுப்பிய குழு ஒன்று, அன்று டச்சு ஆட்சியில் இருந்த மேற்கு நியூ கினியில், பாலியம் பள்ளத்தாக்கின் டானி மக்களுடைய போர்களைப் படமெடுத்தது. ராபர்ட் கார்ட்னர் படம் பிடித்தார், மைக்கேல் ராக்ஃபெல்லர் ஒலிப்பதிவு செய்தார், கார்ல் ஹைடர் மானுடவியல் குறிப்பு எடுத்தார். படத்துக்காகப் போரைத் தூண்டிவிட்டார்கள் என்று அப்போதே குற்றச்சாட்டு எழுந்தது. தூண்டினார்களா இல்லையா என்பது இருக்கட்டும். பக்கத்துப் பகுதிகளில் நிர்வாகம் சண்டைகளை அடக்கிவந்த நேரத்தில், இங்கே ஒரு குழு போர் நடப்பதைப் பார்ப்பதற்கென்றே தங்கியிருந்தது, அதுவே அங்கிருந்தவர்களுக்கு ஒரு செய்தி இல்லையா? எங்கள் தொழில்காரர்களுக்கு ஒரு விஷயம்: அந்தப் படத்தில் ஒரே போராகத் தெரிவது பல நாள் சண்டைகளின் ஷாட்டுகளைச் சேர்த்தது, சத்தமும் பிறகு சேர்த்ததுதான். ஹைடர் அதை மறைக்காமல் எழுதினார்.

"சடங்குச் சண்டைதானே சார், யாருக்கும் பெரிதாக எதுவும் ஆகாது" என்பது அடுத்தது. டானிகளின் போர்க்களத்தைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். அம்புகளுக்கு இறகு கிடையாது, மழை வந்தால் கலைந்து போவார்கள், நடுவில் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். ஆனால் அதே படத்தில் ஒரு சின்னப் பையன் எதிர்த்தரப்பின் ஈட்டிகளுக்குப் பலியாகி எரியூட்டப்படுகிறான். 1966 ஜூனில் அந்தப் பகுதியில் நடந்த ஒரு விடியற்காலைத் தாக்குதலில் சுமார் 125 பேர் கொல்லப்பட்டதாக ஹைடர் பதிவு செய்தார். சில வாரம் தங்கி, களத்து முறைகளை மட்டும் பார்த்துவிட்டு, "இது ஒரு வகை விளையாட்டு" என்று எழுதியிருந்தால் எவ்வளவு பெரிய பொய்யாகியிருக்கும்!

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. அமேசானின் யானோமாமி மக்களைப் பற்றி நெப்போலியன் சாக்னன் 1968இல் எழுதிய புத்தகம் அவர்களை 'மூர்க்கமான மக்கள்' என்றே துணைத்தலைப்பில் அழைத்தது. பின்னாளில் அந்தத் துணைத்தலைப்பு எடுக்கப்பட்டது. அதற்குள் அந்தப் பெயர் பத்திரிகைகளுக்குப் போய்விட்டது. 1980களின் கடைசியில் தங்கம் தோண்டுகிறவர்கள் பல்லாயிரக்கணக்கில் யானோமாமி நிலத்துக்குள் புகுந்திருந்த நேரத்தில், இந்தச் சித்திரிப்பு அவர்களுடைய நில உரிமைக்கே ஆபத்து என்று பிரேசில் மானுடவியலாளர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். 1992இல் பிரேசிலில் அவர்களுடைய நிலத்துக்குச் சட்டப்படி எல்லை வரையறுக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு ஹஷிமு என்ற இடத்தில் 16 யானோமாமிகளைத் தங்கச் சுரங்கக்காரர்கள் கொன்றார்கள். புத்தகத்தைப் படித்துவிட்டு யாரும் துப்பாக்கி எடுக்கவில்லைதான். ஆனால் நிலத்துக்காகப் போராடிக்கொண்டிருக்கும் ஒரு மக்களை நாம் என்ன பெயரில் உலகுக்குக் காட்டுகிறோம் என்பதும் ஒரு தலையீடு. உங்கள் தம்ப்நெயிலில் 'ரத்தவெறி பிடித்த பழங்குடி' என்று எழுதுகிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

எப்படி எடுக்க வேண்டும் என்பதற்கும் அதே சாக்னன் சேர்ந்து எடுத்த ஒரு படத்தையே காட்டுவேன். 1971இல் திமோத்தி ஆஷும் அவரும் யானோமாமி கிராமம் ஒன்றில் திடீரென்று வெடித்த கோடரிச் சண்டையைப் படம் பிடித்தார்கள். முதலில் வெட்டாத காட்சி அப்படியே ஓடும். பிறகு கருப்புத் திரையில் குழுவினர் பேசிக்கொள்வது கேட்கும், சண்டைக்கு முறைகேடான உறவுதான் காரணம் என்று முடிவு கட்டுகிறார்கள். அது தவறு. விருந்தாளிக்கு வாழைக்காய் தர மறுத்த பெண்ணைத் தோட்டத்தில் அடித்ததில் தொடங்கிய சண்டை அது. தங்கள் முதல் விளக்கம் பிழை என்பதைப் படத்திலேயே வைத்திருக்கிறார்கள். வந்திறங்கிய மூன்றாம் நாளே வாய்ஸ் ஓவர் எழுதுகிறவர்கள் இதை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அப்புறம், "அவர்களுடைய பண்பாடு" என்று ஒரே குரலாகப் பேசாதீர்கள். பொலிவியாவின் மச்சாவில் மே மாதத் தொடக்கத்தில் நடக்கும் டிங்கு என்ற சடங்குச் சண்டையில் ஆட்கள் சாவதும் உண்டு, போலீஸ் கண்ணீர்ப்புகையோடு நிற்கிறது. பூமித்தாய்க்கு ரத்தம் சிந்துவது கடமை என்று நினைப்பவரும், தன் மகன் இந்த வருடம் இறங்க வேண்டாம் என்று நினைக்கும் தாயும் ஒரே ஊர்தான். ஜல்லிக்கட்டைப் பற்றி நம் வீட்டுக்குள்ளேயே எத்தனை கருத்து! அந்தத் தாயையும் பேட்டி எடுங்கள்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அங்கே முன்பே நாள் குறித்த சண்டை இருந்தால் மட்டும் போங்கள், உங்களுக்காக நடத்தச் சொல்லாதீர்கள். சண்டை போடுகிறவரிடம் நேரடியாகப் பணம் கொடுக்காதீர்கள், ஊர்ப் பெரியவர்களிடம் பேசுங்கள். யாரை அடிக்கலாம், எப்போது நிறுத்துவார்கள், கேமரா எங்கே நிற்கக் கூடாது என்று முதல் நாளே கேளுங்கள். காயத்துக்குக் கட்டுப்போடத் தெரிந்த ஒருவர் குழுவில் கட்டாயம் வேண்டும், அருகில் உள்ள மருத்துவமனைக்கு வண்டி ஏற்பாடும் வேண்டும். விழுந்தவருக்கு உதவி தேவைப்பட்டால், அங்கிருப்பவர்கள் தடுக்காதவரை, கேமராவைக் கீழே வையுங்கள், ஷாட் போனால் போகட்டும். பணம் கொடுத்து நடந்த சண்டை என்றால் அதைத் திரையில் எழுதுங்கள், எவ்வளவு என்பதையும் சேர்த்து. சிறுவர்கள் முகம் வேண்டாம். வெளியிடுவதற்கு முன் அந்த ஊரில் போட்டுக் காட்டுங்கள், எடுத்துவிடச் சொன்னதை எடுத்துவிடுங்கள். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் அந்த ஹார்ட் டிஸ்க்கை என்னிடம் கொண்டுவர வேண்டாம்.