தூரம் கூடியது, நேரம் குறைந்தது

டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே எவ்வளவு தூரம்? உலக உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்து அளந்தால் ஏறக்குறைய 12,400 கிலோமீட்டர். நூல் சைபீரியாவைக் கடந்து, ஆர்க்டிக் கடலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அமெரிக்காவுக்குள் இறங்கும். தட்டை வரைபடத்தில் பழகிய கண்ணுக்கு இது வீண் சுற்றாகத் தெரியும். உருண்டையின் மேல் இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

ஆனால் விமானம் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போவதில்லை. ஏர் இந்தியா முன்பு மேற்கே திரும்பி, அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கி.மீ. பறந்தது. 2016 அக்டோபரில் பாதையைக் கிழக்கே மாற்றி, ஜப்பானைத் தாண்டிப் பசிபிக் வழியாக 15,300 கி.மீ. பறந்தது. தூரம் 1,400 கி.மீ. கூடுதல். பயண நேரமோ சுமார் இரண்டு மணி நேரம் குறைந்து பதினான்கரை மணி ஆனது!

வகுத்துப் பாருங்கள்: மணிக்குச் சுமார் 1,055 கி.மீ. வருகிறது. நீண்டதூர ஜெட் விமானத்தின் சொந்த வேகம் 900 கி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். மிச்சம் காற்று கொடுத்த இனாம்.

வெப்பமண்டலத்தில் காற்று சூடாகி விரிகிறது. துருவப் பக்கம் குளிர்ந்து சுருங்குகிறது. அதனால் பூமியின் வட பாதியில், பத்து கிலோமீட்டர் உயரத்தில் தெற்கே அழுத்தம் அதிகம், வடக்கே குறைவு. வடக்கு நோக்கிக் கிளம்பும் காற்றைப் பூமியின் சுழற்சி வலப்பக்கமாகத் திருப்பிவிட, அது கிழக்கு நோக்கிப் பாய்கிறது. இதுதான் ஜெட் காற்றோட்டம். குளிர்காலத்தில் வெப்ப வேறுபாடு கூடுவதால் இதன் வேகமும் கூடும். ஜப்பானுக்கு மேலே சில நாட்களில் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும்.

1920களிலேயே வசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர் பலூன் விட்டு இதை அளந்துவிட்டார். அறிக்கையை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டதால், உலகம் படிக்கும் என்று அவர் நம்பியதை உலகம் படிக்கவில்லை. 1944இல் டோக்கியோ மீது குண்டு போட வந்த அமெரிக்க விமானிகள் அந்தக் காற்றில் சிக்கித்தான் அதன் பலத்தை உணர்ந்தார்கள்.

2020 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரையிலிருந்து கணக்கிட்டால் அதன் உச்ச வேகம் மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல். அந்த உயரத்தில் ஒலியின் வேகமே அவ்வளவு இல்லை. ஆனாலும் ஒலித்தடை உடையவில்லை. ஆற்றோடு போகும் படகைப் போல, விமானம் காற்றைக் கிழித்த வேகம் வழக்கமானதுதான். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தது.

டெல்லி விமானம் திரும்பும்போதும் கிழக்கேதான் கிளம்பியது, இம்முறை அட்லாண்டிக் வழியாக. போய் வந்தால் பூமிக்கு ஒரு முழுச் சுற்று. இரு வழியிலும் காற்று முதுகுப் பக்கம்.