கருப்பா தெரியுறதெல்லாம் டார்க் மார்ஃப் இல்ல

ஏப்ரல் கடைசி வாரம், நியூயார்க் மாநிலத்துல ராச்செஸ்டர் பக்கத்துல பிராடக் பேன்னு ஒரு இடம், ஒன்டாரியோ ஏரியோட தென்கரை. தெக்கத்தி காத்து அடிக்கிற நாள்ல அங்க போய் அண்ணாந்து பாத்தா பிராட்-விங்ட் ஹாக்ங்கிற காக்கா சைஸ் பருந்து ஆயிரக்கணக்குல போகும். குளிர்காலத்த மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் கழிச்சிட்டு குஞ்சு பொரிக்க வடக்க திரும்புற கூட்டம். சூடான காத்து மேல எழும்புற இடத்துல றெக்கைய அடிக்காமலே சுத்தி சுத்தி ஏறி, அங்கேருந்து சறுக்கிட்டே போய் அடுத்த எடத்துல ஏறும். ஏரித்தண்ணி அப்ப ஜில்லுனு கிடக்கும், அது மேல சூடு எழும்பாது, அதனால குறுக்க போகாம கரையோரமாவே ஒதுங்கி கிழக்க போகுதுங்க, கீழ நிக்கிற நமக்கு லக்கு.

இந்த கூட்டத்துல எப்பவாவது ஒண்ணு சாக்லேட் கலர்ல வரும். அதான் டார்க் மார்ஃப். வேற இனம் இல்ல, வயசு கோளாறும் இல்ல, பொறப்புலயே அந்த கலர். இந்த மாதிரி பெரும்பாலும் மேற்கு கனடா பக்கம் கூடு கட்டுறதுதான், அதான் கிழக்கு பக்கம் இவ்ளோ அரிது.

கலர் எப்படி வருதுன்னா, இறகு முளைக்கிற குழியில இருக்கிற செல்லுங்க மெலனின் நிறமிய வளர்ற இறகுக்குள்ள போட்டு விடுது. யூமெலனின்னா கருப்பு, ஃபியோமெலனின்னா செம்பழுப்பு. எதை எவ்ளோ போடணும்னு ஜீன் முடிவு பண்ணும். ஸ்னோ கூஸ்ங்கிற வாத்து, ஆர்க்டிக் ஸ்குவாங்கிற கடல் பறவை ரெண்டுலயும் எம்சி1ஆர்ங்கிற ஒரே ஜீன்ல சின்ன மாத்தம் இருந்தா பறவை கருத்துடுதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. முளைச்சு முடிஞ்ச இறகு நம்ம நகம் மாதிரி உயிரில்லாதது, அடுத்து அது உதிர்ந்து புதுசு வந்தாதான் மாறும், அதுவும் டார்க் மார்ஃப்னா திரும்ப டார்க்தான்.

இப்ப முக்கியமான மேட்டர். நான் மொத தடவை "டார்க் மார்ஃப், டார்க் மார்ஃப்"னு கத்துனது டர்க்கி வல்ச்சர்ங்கிற கருப்பு கழுக பாத்து, பக்கத்துல நின்னவங்க சிரிச்சே கொன்னுட்டாங்க. மேகமூட்டத்துல பின்னாடி வெளிச்சம் இருந்தா எல்லா பருந்தும் கரிக்கட்டைதான். அதனால உடம்ப பாத்து ஏமாறாதீங்க, றெக்கைய பாருங்க. டார்க் மார்ஃப்ல உடம்பும் றெக்கையோட முன்பக்க அடிப்பகுதியும்தான் கருப்பு, பின்பக்கம் இருக்கிற பெரிய பறக்குற இறகுங்க வெளிறிப்போய் வெள்ளி மாதிரி இருக்கும், ஓரத்துல கருப்பு பார்டர், வாலுல சாதா கலர் பருந்துக்கு இருக்கிற அதே கருப்பு வெள்ளை பட்டை. அந்த ரெண்டு டோன் தெரியலன்னா வாய தொறக்காம இருக்கிறது மானத்துக்கு நல்லது. சுத்தும்போது சூரியன் பக்கம் சாயுற அந்த ஒரு செகண்டுதான் சான்ஸ்.

வெள்ளையா வந்தா அது வேற கதை, நிறமி இறகுக்கு போய் சேராத லூசிசம். மெலனின் இறகுக்கு பலமும் குடுக்குது, அதனால வெள்ளை இறகு சீக்கிரம் தேஞ்சு பிஞ்சு போகும். பைனாக்குலர்ல பாத்தா றெக்கை ஓரம் பழைய தொடப்பம் மாதிரி தெரியும்.