மாந்தப் புவியியல்: ஒரு சொல்லும் பாலாற்றங்கரையும்

வேலூரைப் பற்றி வேலூர்க்காரர்களே சொல்லும் பழைய அடுக்கு ஒன்று உண்டு. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். இன்னும் சில ‘இல்லாத’வற்றையும் சிலர் சேர்ப்பார்கள்; அவை இங்கே வேண்டாம். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-ல் சாமி திரும்பிவிட்டார். முதல் இரண்டு குறைகள் இன்னும் தீராமல் நிற்கின்றன. பாலாற்றில் நீர் ஏன் இல்லை? மலையில் மரம் ஏன் இல்லை? மழையையும் பாறையையும் மட்டும் படித்தால் இதற்கு விடை கிடைக்காது. ஊர், உழவு, தொழில், அரசாணை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். அப்படிச் சேர்த்துப் பார்க்கும் படிப்பைத்தான் ஆங்கிலத்தில் ஹியூமன் ஜியாகிரபி என்கிறார்கள். தமிழில் அதை மானிடப் புவியியல் என்று எழுதுவது வழக்கம்.

ஜியாகிரபி கிரேக்கச் சொல். ‘கே’ என்றால் மண், நிலம். ‘கிராபெயின்’ என்றால் எழுதுதல், வரைதல். மண்ணைப் பற்றி எழுதுவது என்பதே நேர்ப்பொருள். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எரட்டோசுதெனீசு இச்சொல்லைத் தன் நூலுக்குப் பெயராக வைத்தார். ‘ஹியூமன்’ என்ற அடைமொழி மிகப் பின்னால் வந்து ஒட்டியது. செருமானியரான பிரீட்ரிக் ராட்செல் 1882-ல் ‘மாந்தரின் புவியியல்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலின் முதற்பகுதியை வெளியிட்டார். அவருடைய காலத்தவரான பிரான்சின் விடால் தெ லா பிளாஷ் அத்துறைக்கு இன்று நாம் அறிந்த வடிவத்தைத் தந்தார்.

இவர்களுக்குள் ஒரு பெரிய வழக்கு நடந்தது. நிலமும் தட்பவெப்பமுமே மக்களை உருவாக்குகின்றன என்றது ஒரு தரப்பு. ராட்செலிடம் பயின்ற அமெரிக்கரான எல்லன் செம்பிள் 1911-ல் இக்கருத்தை மிக அழுத்தமாக எழுதினார். நிலம் சில வாய்ப்புகளைத் தருகிறது, எதை எடுத்துக்கொள்வது என்பதை மக்கள் முடிவு செய்கிறார்கள் என்றது விடால் தரப்பு. முதல் கருத்தின் பேரைச் சொல்லி, வெப்ப நாட்டு மக்கள் சோம்பேறிகள் என்றுகூட அந்நாளில் எழுதினார்கள். மே மாதத்துக் கத்திரி வெயிலில் கழனியில் நிற்கும் எங்கள் ஊர்ப் பெண்களை ஒருமுறை பார்த்தவர் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

இந்த வழக்குக்கு ஔவையாரின் புறநானூற்றுப் பாட்டு ஒன்று (187) எப்போதோ பதில் சொல்லிவிட்டது:

“நாடா கொன்றோ காடா கொன்றோ
அவலா கொன்றோ மிசையா கொன்றோ
எவ்வழி நல்லவர் ஆடவர்
அவ்வழி நல்லை வாழிய நிலனே.”

நாடாக இரு, காடாக இரு, பள்ளமாக இரு, மேடாக இரு. அங்கே வாழ்பவர் நல்லவர் என்றால் நிலமே, நீயும் நல்லாய். நிலத்தை முன்னால் நிறுத்தி நேரடியாகப் பேசுகிறார் பாட்டி. நான் வகுப்பில் விடாலைச் சொல்லித்தருவதற்கு முன்னால் இந்த நான்கு அடிகளைத்தான் பலகையில் எழுதுவேன்.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். எங்கள் தாத்தா காலத்தில் இப்பாடத்துக்குப் ‘பூகோளம்’ என்று பெயர். உலக உருண்டை என்று பொருள் தரும் வடசொல் அது. வகுப்பறையில் இருந்த உருண்டையே பாடத்தின் பெயராகிவிட்டது போலும். அதன்பிறகு ‘புவியியல்’ வந்து நிலைத்தது. இதிலுள்ள ‘புவி’யும் வடமொழி வழி வந்ததே. அம்மொழியில் ‘பூ’ என்றால் நிலம். ‘புவி’ என்ற வடிவம் ‘நிலத்தின்மேல்’ என்று வேற்றுமைப் பொருள் தரும். தமிழ் அதைப் பெயர்ச்சொல்லாகவே எடுத்துக்கொண்டது.

‘மானிடம்’ என்பதும் ‘மானுஷம்’ என்ற வடசொல் தமிழ் வாய்க்கு ஏற்பத் திரிந்தது. கம்பர் “மானுடம் வென்றதம்மா” என்று பாடிய அதே சொல்தான், அதனால் அயலாகத் தோன்றுவதில்லை. ஆனால் அதற்கு முன்பிருந்தே தமிழில் மக்கள், மாக்கள், மாந்தர் ஆகிய சொற்கள் இருக்கின்றன. குறள் 452-ஐப் பாருங்கள்:

“நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும் மாந்தர்க்கு
இனத்தியல்ப தாகும் அறிவு.”

சேர்க்கையைப் பற்றிய குறள் இது. ஆனாலும் நிலம், நீர், மாந்தர் மூன்றும் இரண்டே அடிகளில் ஒன்றாக நிற்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. எனவே நான் ‘மாந்தப் புவியியல்’ என்று எழுதுகிறேன். ‘மாந்த நிலவியல்’ என்று முழுவதும் தமிழாக்கலாமே என்று கேட்கலாம். ஆனால் நிலவியல் என்ற சொல்லைப் பாறைகளையும் கனிமங்களையும் ஆயும் துறை முன்பே எடுத்துக்கொண்டது. ஒரே சொல்லை இரண்டு துறைக்கு வைத்தால் மாணவர்தான் தடுமாறுவார். மானிடப் புவியியல் என்று எழுதுபவரிடம் எனக்குச் சண்டையில்லை; இலங்கைத் தமிழரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ‘மனித புவியியல்’ என்று நடுவில் ‘ப்’ என்ற வல்லொற்று இல்லாமல் அச்சிடுவதுதான் உறுத்துகிறது.

பாடத்தின் பெயர் இவ்வளவுதான். ஆனால் இப்பெயர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. மாந்தர் ஒரு பக்கம், புவி மறுபக்கம். நடுவில் இருக்கும் உறவுக்கு அதில் இடமில்லை. அந்த உறவுக்குத் தமிழில் ஒரு பழஞ்சொல் உண்டு: திணை. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அங்குள்ள தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் கருப்பொருள். அவற்றுக்கு நடுவே எழும் அக வாழ்க்கை உரிப்பொருள். மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று இருக்கின்றன. விடால் ‘வாழ்முறை’ என்ற கருத்தை வைத்து ஒரு வட்டாரத்தின் நிலத்தையும் உழைப்பையும் பழக்கத்தையும் சேர்த்துப் பேசினாரே, அதற்குத் ‘திணைவாழ்வு’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. பாடப்பெயராக மாந்தப் புவியியலும் அதன் உள்ளே கருத்துச்சொல்லாகத் திணைவாழ்வும் இருக்கட்டும் என்பதே என் கருத்து.

திணை மாறும் என்பதையும் நம்மவர் கண்டிருந்தார்கள். “முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து” தம் நல்லியல்பை இழந்தால் பாலை என்ற வடிவம் கொள்ளும் என்கிறது சிலப்பதிகாரம். பாலைக்கென்று தனி நிலம் இல்லை. கெட்டுப்போன நிலமே பாலை.

இதையெல்லாம் ஏட்டில் மட்டும் தேட வேண்டியதில்லை. வேலூரைச் சுற்றிய வட ஆற்காட்டுப் பேச்சிலேயே இருக்கிறது. எங்கள் பக்கம் யாரும் “வயலுக்குப் போறேன்” என்று சொல்வதில்லை. “கழனிக்குப் போறேன்” என்பார்கள். நீர் பாய்ந்து நெல் விளைவது கழனி. மானாவாரியாகக் கடலையோ கேழ்வரகோ போடுவது கொல்லை, பேச்சில் ‘கொல்லி’. “கழனி எவ்ளோ, கொல்லி எவ்ளோ?” என்று பெண் பார்க்க வரும்போதே கேட்டுவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே வரப்பு ஒன்றுதான் இருக்கலாம், மண்ணும் ஒரே மண்ணாக இருக்கலாம். ஏரித் தண்ணீர் எட்டும் இடம் கழனி, எட்டாத இடம் கொல்லி. ஏரியோ மனிதன் கட்டியது. ஆக, கழனி என்ற சொல்லே ஒரு மாந்தப் புவியியல் பாடம்: சரிவைப் பார்த்துக் கரை போட்டு, மதகு வைத்து, நீர் பாய்ச்சும் ஆளான நீர்க்கட்டியை அமர்த்தி, தலைமுறை தலைமுறையாக மராமத்து பார்த்து மக்கள் உண்டாக்கிய நிலம் அது. நற்றிணை 190-ஆம் பாட்டிலும் “அரியலங் கழனி ஆர்க்காடு” என்றே வருகிறது. (அந்த ஆர்க்காடு நம்முடையதுதான் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. அப்பாட்டில் பேசப்படும் சேந்தன் என்பவனைக் குறுந்தொகை காவிரியோடு சேர்த்துப் பாடுகிறது.)

ஊர்ப்பெயர்களும் இதையே பேசும். ஆற்காடு என்பதை ‘ஆறு காடு’ என்று பிரித்து, ஆறு காடுகள் சூழ்ந்த இடம் என்பது மக்கள் வழக்கு. ஆர் என்ற ஆத்தி மரக் காடு என்பார் சிலர். எப்படிப் பார்த்தாலும் காடு இருக்கிறது. பக்கத்திலேயே வேப்பூர், வன்னிவேடு, காரை என்று மரமும் செடியும் பெயராக நிற்கும் ஊர்கள். வேலூரையே வேல மரத்தோடு சேர்த்துச் சொல்வாரும் உண்டு, முருகன் வேலோடு சேர்த்துச் சொல்வாரும் உண்டு. இராணிப்பேட்டைப் பக்கம் மாந்தாங்கல், செட்டித்தாங்கல் இருக்கின்றன. தாங்கல் என்றால் நீரைத் தாங்கி நிற்கும் சிறு ஏரி. இலவம்பாடியில் இலவ மரமும் இருக்கிறது, மாந்தர் குடியிருப்பைச் சொல்லும் பாடியும் இருக்கிறது. அந்த ஊர் முள் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு மண்ணும் அதை உழுதவர் கைப்பக்குவமும் சேர்ந்து உண்டாக்கிய காய் என்பதற்கு அரசு தந்த சான்று அது. குடியாத்தம் என்பதோ குடியேற்றம் என்பதன் மரூஉ என்பார்கள்.

நிலம் மாந்தரை ஆக்குவதும் மாந்தர் நிலத்தை மாற்றுவதும் ஒரே இடத்தில் தெரிய வேண்டுமானால் தோல் தொழிலைப் பார்க்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை பக்கம் இத்தொழில் ஏன் வேர்விட்டது? வறண்ட நாட்டில் கால்நடை மிகுதி. தோல் பதனிட உதவும் ஆவாரம் பட்டைக்குப் புதர்க்காடுகள், கடுக்காய்க்கு ஜவ்வாது மலை. தோலைக் கழுவப் பாலாற்று மணலுக்கு அடியில் ஊறும் நல்ல நீர். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் பாதை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வந்தபோது சென்னைத் துறைமுகமும் கிட்டத்தில் வந்துவிட்டது. நிலம் வாய்ப்பைத் தந்தது, வணிகரும் தொழிலாளரும் எடுத்துக்கொண்டார்கள். விடால் வந்து பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

பிறகு ஆவாரம் பட்டையின் இடத்துக்கு குரோமிய உப்பு வந்தது. கழிவு ஆற்றிலும் கிணற்றிலும் இறங்கியது. கழனிகள் உவர்த்தன, குடிநீர் கரித்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேடு உறுதியாகும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு அறிவித்தது. நாட்டின் எந்த மூலையில் மாசு வழக்கு நடந்தாலும் இன்று பாலாற்றங்கரைப் பெயர் அங்கே ஒலிக்கிறது. அந்தத் தொழிலில்தான் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரியாதவர் இந்தப் பாடத்தை எடுக்கக்கூடாது. நிலத்து இயல்பால் நீர் திரியும் என்றார் வள்ளுவர். இங்கே மாந்தர் செயலால் நீர் திரிந்து, அந்த நீரால் நிலம் திரிந்தது.

பாலாறு வறண்டதற்கும் ஒற்றைக் காரணம் இல்லை. நந்தி மலையில் பிறந்து மூன்று மாநிலங்கள் வழியாக 348 கிலோமீட்டர் ஓடும் ஆறு இது; 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். மேலே ஏரிகளும் தடுப்பணைகளும், இங்கே மணல் அள்ளலும். ஆற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டி நீர் கொண்டுபோன வழக்கம் மறைந்தது. மாடு கட்டிக் கவலை என்ற ஏற்றத்தால் நீர் இறைத்த கிணறுகளில் மின்மோட்டார் இறங்கியது. 1970-களில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பசுமைப் புரட்சியின் விளைவுகளை அறிய வட ஆற்காட்டுச் சிற்றூர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அம்முயற்சிக்குத் தலைமை தாங்கிய பி. எச். பார்மர் ஒரு புவியியலாளர். புது நெல் விதையின் கதை இங்கே கிணற்று நீரின் கதையாகவும் இருந்தது. கெட்டதை மீட்பதும் மாந்தர் கையில் உண்டு. நூறு நாள் வேலைத் திட்டத்தில் எங்கள் மாவட்டப் பெண்கள் நாகநதியில் நீர்செறிவுக் கிணறுகள் கட்டினார்கள்; செத்துப்போன ஆறு என்று கைவிட்ட இடத்தில் மறுபடி நீர் ஓடியது.

மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை இதுதான்: வீட்டுப் பெரியவரை அழைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வாருங்கள், எது கழனி, எது கொல்லி என்று கேட்டு வரைபடம் போடுங்கள். சில ஆண்டுகளாக அந்த வரைபடங்களில் மூன்றாவது வகை ஒன்று வருகிறது. அதற்கு அவர்கள் ‘ப்ளாட்டு’ என்று எழுதுகிறார்கள், கல் நட்டு மனை பிரித்த இடம். பெரும்பாலும் அது பழைய ஏரிக் கழனி. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு, ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்து கோடி போனபோது, எங்கள் தெருமுனையில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு பாட்டி சொன்னார்: “இது கழனிப்பா. தண்ணி அதோட எடத்துக்கு வந்துருக்குது.”