ஆகாயத்தாமரையைக் கொன்று தண்ணீரிலேயே விடாதீர்கள்

களைக்கொல்லி அடித்த சில வாரங்களில் ஆகாயத்தாமரை பழுத்துக் கருகி அமிழ்ந்துவிடும். தண்ணீர் வெளியே தெரிந்ததும் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். ஏரிக்குத் தொல்லை தொடங்குவதே அப்போதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ பச்சைக் களையில் உலர்பொருள் சுமார் 6 கிலோதான், மீதி தண்ணீர். அந்த 6 கிலோ முழுக்க மட்க ஏறக்குறைய அதே எடை ஆக்சிஜன் வேண்டும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் நீரில் கரைந்திருக்கக்கூடியது சுமார் 7.5 கிராம். அப்படியானால் 800 கன மீட்டர் நீரின் ஆக்சிஜன் காலி. எல்லாம் ஒரே நாளில் மட்குவதில்லை, காற்றிலிருந்தும் ஆக்சிஜன் சேர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் எல்லா ஏரியிலும் மீன் சாவதில்லை. ஆழமில்லாத ஏரியில், காற்றடிக்காத மேகமூட்ட நாட்களில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் நிலைமை கைமீறுகிறது என்று பொருள்.

செத்த செடியிலிருந்து பொட்டாசியமும் பாஸ்பரசில் பெரும்பங்கும் முதல் சில நாட்களிலேயே கரைந்து வெளியேறிவிடும். பிறகுதான் பாக்டீரியாவும் பூஞ்சையும் நாரைத் தின்னத் தொடங்கும். சத்து மிகுந்த நீரில் வளர்ந்த செடியில் நைட்ரஜன் அதிகம், அதனால் இலை சீக்கிரம் கூழாகும். வேர் மெதுவாகத்தான் மட்கும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் வண்டலில் இரும்பு பிடித்துவைத்திருந்த பாஸ்பரசும் அவிழ்ந்து மேலே வரும். அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடுடையது. அடுத்து நீலப்பச்சைப் பாசி பொங்கும்.

ஆகவே உயிரோடு இருக்கும்போதே வாரி வெளியேற்றுவதே நல்லது. அறுத்ததை ஓரிரு நாளுக்குள் கரையேற்றுங்கள். ஏரிப் பக்கம் சரிந்த கரையில் குவித்தால் சாறு திரும்ப நீரிலேயே இறங்கும்; மறுபக்கச் சரிவில் குவியுங்கள். படகிலேயே நறுக்கி நீரில் விடும் இயந்திரம் வேகமாக வேலை செய்யும், அழுகலையும் அதே வேகத்தில் கூட்டும். மருந்துதான் வழி என்றால் ஒரு தடவைக்கு ஏரிப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடிக்காமல், இரண்டு வார இடைவெளி விடுங்கள். கரையோரத்தில் தொடங்கி உள்நோக்கிப் போனால் மீன் ஒதுங்க இடமிருக்கும்.

கரைந்த ஆக்சிஜனை நண்பகலில் மேல்மட்டத்தில் அளந்து பயனில்லை. விடியும் முன், சேற்றுக்கு ஓரடி மேலே அளக்க வேண்டும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அடுத்த பகுதிக்கு மருந்தடிப்பதைத் தள்ளிப்போடுங்கள். கருவியின் முனை சேற்றில் புதைந்தால் பூஜ்யம் போலக் காட்டும். தூக்கி அலசிவிட்டு மறுபடி அளக்கவும்.