காசில் கலந்த வெள்ளி சொன்ன காலம்

1939 கோடையில், இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக்கில், சட்டன் ஹூ என்ற இடத்தில் ஒரு மண்மேட்டைத் தோண்டியபோது உள்ளே 27 மீட்டர் நீளக் கப்பல் ஒன்று தெரிந்தது. மரம் முழுக்க மக்கிப்போய், மணலில் அதன் அச்சும் வரிசை வரிசையாக இரும்பாணிகளும்தான் மிச்சம். அமிலம் மிகுந்த அந்த மண், புதைக்கப்பட்டவரின் எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை. தங்கத்தை மட்டும் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 400 கிராமுக்கு மேல் எடையுள்ள இடுப்புவார்க் கொக்கி பளபளவென்று வெளியே வந்தது.

சரி, இது எந்தக் காலத்துக் கல்லறை? உள்ளே இருந்த பெரிய வெள்ளித் தட்டில் பைசாந்தியப் பேரரசர் அனஸ்தாசியஸின் முத்திரை இருக்கிறது. அவர் ஆண்டது 491 முதல் 518 வரை. ஆனால் பாட்டி காலத்துப் பாத்திரம் எல்லா வீட்டிலும்தான் இருக்கும், அதை வைத்துக் கணக்குப் போட முடியாது. உள்ளே இருப்பதிலேயே கடைசியாகச் செய்த பொருள் எது என்று தெரிய வேண்டும். அதற்குக் கை கொடுத்தவை ஒரு பணப்பையில் கிடந்த 37 சின்னஞ்சிறு தங்கக் காசுகள், எல்லாம் பிராங்கு நாட்டில் (இன்றைய பிரான்சும் அதை ஒட்டிய பகுதிகளும்) அடித்தவை. அந்தக் காலத்துப் பிராங்குக் காசில் ஆண்டு கிடையாது, பெரும்பாலும் அரசன் பெயரும் கிடையாது.

ஆனால் மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம், இருக்கிறதே! 6ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அங்கே தங்கத்துக்குத் தட்டுப்பாடு, காசு அடிக்கும் அக்கசாலைகள் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளியைக் கலந்துகொண்டே போய், 670களில் வெள்ளிக் காசுக்கே மாறிவிட்டன. ஆகவே மாற்று குறையக் குறைய, காசு பிந்தியது. அரசன் பெயர் பொறித்த சில காசுகளுக்குக் காலம் தெரியும் என்பதால், மற்றவற்றை அவற்றுக்கு இடையே பொருத்திவிடலாம்.

உரசாமல், உருக்காமல் மாற்றை எப்படி அறிவது? காசை வெளியே ஒரு முறை, தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒரு முறை எடை போட வேண்டும், அவ்வளவுதான். வெளியே உள்ள எடையைத் தண்ணீரில் குறைந்த எடையால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைப் போல எத்தனை மடங்கு அடர்த்தி என்பது, வந்துவிடும். தங்கத்துக்கு அது 19.3, வெள்ளிக்கு 10.5. உதாரணமாக 1.3 கிராம் காசு சுத்தத் தங்கமாக இருந்தால் தண்ணீரில் சுமார் 67 மில்லிகிராம் குறையும், ஐந்தில் ஒரு பங்கு வெள்ளி என்றால் சுமார் 79. வெறும் 12 மில்லிகிராம் வித்தியாசம்! தராசு நுட்பமாக இருக்க வேண்டும், காசில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும் கணக்கு கெட்டுவிடும். செம்பும் கலந்திருந்தால் விடை இன்னும் சற்று விலகும்.

முதலில் இந்தக் காசுகளை 650ஐ ஒட்டியவை என்றுதான் நினைத்தார்கள். மாற்றை அளந்த பிறகு அந்தக் காலம் சுமார் கால் நூற்றாண்டு முந்தியதாகிவிட்டது. அதனால் கல்லறைக்குச் சொந்தக்காரர் யார் என்ற ஊகமும் சேர்ந்தே மாறியது: இன்று பலரும் சொல்வது 624ஐ ஒட்டி இறந்த கிழக்கு ஆங்கிலிய அரசர் ரெட்வால்டின் பெயரை. எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது, ஆனால் காசு ‘இதற்கு முன்பு இல்லை’ என்று மட்டும்தான் சொல்லும், எத்தனை ஆண்டு கழித்துப் புதைத்தார்கள் என்று சொல்லாது.