அந்தச் சிரிப்பு எந்த நாள் சிரிப்பு?

ஒரு ரியாலிட்டி ஷோவில் எடிட்டராக இருந்தபோது நான் செய்த காரியம் இது. ஒரு பெண் அழுகிறார், எதிரே இருப்பவர் லேசாகச் சிரிக்கிறார். ஒளிபரப்பான இரவே அந்த மனிதரை ஊரே திட்டித் தீர்த்தது. அவர் சிரித்தது இரண்டு நாள் முன்பு, சாம்பாரில் உப்புப் போட மறந்த கதையைக் கேட்டு. இரண்டு நாளும் ஒரே சட்டை போட்டிருந்தார். அந்தச் சிரிப்பை வெட்டி இந்த அழுகையோடு ஒட்ட எனக்கு வசதியாகப் போயிற்று. பொய் சொல் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. “சீன் டல்லா இருக்கு, ஒரு ரியாக்‌ஷன் வை” என்றார்கள், அவ்வளவுதான்.

இந்தத் தொழிலின் குட்டை 1979-லேயே ஓர் அமெரிக்கப் படம் உடைத்துவிட்டது. ஆல்பர்ட் புரூக்ஸ் இயக்கி நடித்த ‘ரியல் லைஃப்’. ஆவணப்படம் மாதிரியே எடுத்த கேலிப் படம். அது கேலி செய்தது, 1973-ல் பி.பி.எஸ். என்ற அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘ஆன் அமெரிக்கன் ஃபேமிலி’ தொடரை. சான்டா பார்பராவில் ஒரு குடும்பத்தோடு மாதக்கணக்கில் கேமராவுடன் இருந்து, சுமார் 300 மணி நேரம் எடுத்து, 12 பகுதிகளாக வெட்டினார்கள். கணவன் மனைவி பிரிந்ததும் அதில் வந்தது. எங்களைத் தவறாகக் காட்டிவிட்டார்கள் என்று அந்தக் குடும்பம் பிறகு குறைபட்டது. வெட்டிப்போட்ட மணி நேரங்களில் அவர்கள் சண்டை போடாமல் எத்தனை வேளை சாப்பிட்டார்களோ!

‘ரியல் லைஃப்’பில் புரூக்ஸ் தன் சொந்தப் பெயரிலேயே இயக்குநராக வருகிறார். ஃபீனிக்ஸ் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஒருவரின் வீட்டுக்குள், தலையில் ஹெல்மெட் போலக் கேமராவை மாட்டிக்கொண்ட ஆட்கள் சத்தமில்லாமல் உலவுகிறார்கள். அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் மருத்துவரின் கையில், அறுவை சிகிச்சையில், ஒரு குதிரை செத்துப்போகிறது. இதைப் படத்தில் போடாதீர்கள் என்கிறார். அங்கே எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அதே கெஞ்சலை நான் ஹெட்ஃபோனில் கேட்டிருக்கிறேன், மைக் ஓடுவது தெரியாமல் ஒருவர் கேமராமேனிடம் பேசியதை.

கடைசியில் கிளைமாக்ஸ் கிடைக்காத இயக்குநர், அந்த வீட்டுக்கே தீ வைக்கிறார். நாம் பார்க்கும் ஷோக்களில் தீ வைப்பவர் ஃபிரேமுக்குள் வருவதே இல்லை.

சரி, வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர் எதைக் கவனிக்கலாம்? அழுபவரும் சிரிப்பவரும் ஒரே ஷாட்டில் சேர்ந்து தெரிகிறார்களா என்று பாருங்கள். கடைசிவரை தனித்தனியாகவே வந்தால் சந்தேகப்படுங்கள். தனி அறையில் உட்கார்ந்து ஒருவர் பேசும்போது, வாக்கியத்தின் நடுவில் அவர் முகம் மறைந்து வேறு காட்சி வந்து, குரல் மட்டும் ஓடுகிறதா? அங்கே இரண்டு மூன்று பேச்சுகளை ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். உதடு தெரியாத இடம்தான் எங்களுக்குத் தையல் போடும் இடம். ப்ரோமோவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது முழுக்கவே தையல்.

இதையெல்லாம் முதலில் என் அம்மாவுக்குத்தான் சொன்னேன். சிரித்தவரைத் திட்டியவர்களில் அவரும் உண்டு. சட்டைக் கதை, உப்புக் கதை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“இருக்கட்டும்டா, இருந்தாலும் அவன் மூஞ்சியப் பாரு” என்றார்.